எட்டு மணிச் சாப்பாடு

விழுப்புரம் கடைத்தெருவில் போன வாரம் அம்மாவுக்கு ஒரு ஹாட்பாக்ஸ் வாங்கினேன். உள்ளே வைத்த சோறு ஆறு மணி நேரம் சூடாக இருக்கும் என்று கடைக்காரர் மூடியைத் திறந்து திறந்து காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் நம்பவில்லை என்று நினைத்து அவர் உத்தரவாத அட்டையை எடுத்து நீட்டினார். இதைவிட நன்றாக வேலை செய்த பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது என்று அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? பணத்தைக் கொடுத்து வாங்கி வந்தேன்.

அந்தப் பெட்டியைச் செய்தவர் என் தாத்தா, அப்பாவின் அப்பா. தேநீர்க் கடையில் கேட்டு வாங்கிய பழைய தேயிலைப் பெட்டி அது. மெல்லிய பலகை, உள்பக்கம் பளபளவென்று ஈயத்தாள் ஒட்டியிருக்கும். தாத்தா ஒரு பழைய மெத்தையைப் பிரித்து, இலவம்பஞ்சைத் துணியில் அடைத்துத் தைத்து, நான்கு பக்கமும் அடியிலும் வைத்திருந்தார். மாலை ஐந்தரை மணிவாக்கில் வடித்த சோற்றை வெண்கலப் பானையோடு அதில் இறக்குவார். பக்கத்தில் குழம்புத் தூக்கைச் செருகுவார். மேலே ஒரு தலையணையை வைத்து அழுத்திவிட்டு மூடியைப் போடுவார். எட்டு மணிக்குத் திறந்தால் ஆவி பறக்கும். அந்தச் சோறு முழுவதும் அம்மாவுக்கு.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். திண்டிவனத்தில் எங்கள் வீட்டை நைனார் வீடு என்பார்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் பெரியவர்களின் வழக்கம். வெளிச்சத்தைத் தேடி வரும் பூச்சிகள் தீயிலும் சோற்றிலும் விழுந்து சாகும், தெரியாமல்கூட ஓர் உயிர் நம்மால் போகக் கூடாது என்பதுதான் காரணம். அதனால் மாலையில் அணைத்த அடுப்பை மறுநாள் காலையில்தான் பற்றவைப்போம். இதெல்லாம் இப்போது பல வீடுகளில் தளர்ந்துவிட்டது. அப்போதே என் அப்பா ஆறு மணிக்குள் பக்திமானாகச் சாப்பிட்டுவிட்டு, ஏழரை மணிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கி விற்கும் எங்கள் மண்டிக்குப் பக்கத்தில் கையில் போண்டாவோடு நிற்பார். தாத்தா அப்படி இல்லை. சூரியன் இறங்கிவிட்டால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கல்யாணமான புதிதில் மேல்சித்தாமூர் கோயிலில் அவரும் அவர் மனைவியும் சேர்ந்து எடுத்துக்கொண்ட விரதம் அது. அப்பாவுக்கு விவரம் தெரிவதற்குள் அந்த அம்மாள் இறந்துவிட்டார். தாத்தா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மனைவியைப் பற்றி அதிகம் பேசியதும் இல்லை. இந்த விரதத்தைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும், "அவளும் நானும் சேந்து வெச்சிக்கினது" என்பார். அதற்கு மேல் கேட்டால் மண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவார்.

என் அம்மா சமணப் பெண் அல்ல. காணை கிராமத்துப் பக்கத்தில் நெல்லும் கரும்பும் பயிரிட்ட குடும்பம். விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருந்தாள். அப்பா கால் முறிந்து அங்கே கிடந்தார். கால் சரியாயிடுச்சி, பையன்தான் சரியாகல என்று தாத்தா கடைசிவரை கேலி செய்வார். இரண்டு பக்கமும் நிறையப் பேர் முறைத்துக்கொண்ட கல்யாணம். தாத்தாதான் பேருந்து ஏறிக் காணைக்குப் போய், உங்கள் பெண் எங்கள் வீட்டில் வேலையை விட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு வந்தாராம். வாக்கு கொடுப்பது சுலபம். அம்மாவுக்குப் பெரும்பாலும் மதிய டியூட்டி. ஏழு மணிக்கு முடியும், திண்டிவனத்தில் வந்து இறங்க எட்டாகிவிடும். அடுப்பு எரியாத வீட்டில், புதிதாக வந்த மருமகள், முதல் சில நாள் சில்லிட்ட சோற்றில் மோரை ஊற்றிக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தாத்தாவும் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரக் கடைசியில் தேயிலைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார் என்று அப்பா சொல்வார்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் மாலை என்றால் இப்படித்தான். ஐந்து மணிக்குத் தாத்தாவே உலை வைப்பார். தாத்தா, அப்பா, நான் மூவரும் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிடுவோம். பிறகு தாத்தா முகம் கழுவி, விளக்கேற்றி, கும்பிட்டுவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பார். அம்மா இறங்கியதும் அவள் பையை வாங்கிக்கொள்வார். வீட்டுக்கு வந்து அவள் கைகால் கழுவுவதற்குள் தட்டு, சொம்பு, உப்பு, ஊறுகாய் எல்லாம் தரையில் தயாராக இருக்கும். பெட்டியைத் திறப்பார். எதிரே சம்மணம் போட்டு உட்காருவார். தான் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க முடியாத நேரத்தில், ஒருத்தி சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துப் போடுவார். தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்காது என்பது அவர் கட்சி. "இன்னிக்கு யாரும்மா நல்லாயி வூட்டுக்குப் போனாங்க?" என்று தினமும் கேட்பார். குணமானவர்களைத்தான் கேட்பார், யார் செத்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அம்மா பிசைந்துகொண்டே சொல்லுவாள். பாம்பு கடித்து வந்த விக்கிரவாண்டி லாரிக்காரர், பனைமரத்திலிருந்து விழுந்தவர், இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்று முகமே தெரியாத ஆட்களின் நலமெல்லாம் எங்கள் வீட்டுக்குத் தெரியும். நான் அம்மா தட்டிலும் ஒரு பங்கு கேட்டு வாயைத் திறப்பேன். ஐந்தரைக்கும் சாப்பிட்டேன், எட்டுக்கும் சாப்பிட்டேன். இரண்டு கட்சியிலும் உறுப்பினராக இருந்தவள் நான் ஒருத்திதான்.

எங்கள் வழக்கப்படி தாத்தா கிழங்கு வகைகளைத் தொட மாட்டார். அம்மாவுக்கோ உருளைக்கிழங்கு என்றால் உயிர். தாத்தா சந்தைக்குப் போகும்போது அதற்கென்று தனியாக ஒரு பை எடுத்துப்போவார். காய்கறிக்கார அம்மாள், நைனார் வீட்டில் யாருக்கு உருளைக்கிழங்கு என்று வேண்டுமென்றே உரக்கக் கேட்பாள். வீட்டில் ஒரு பொண்ணு இருக்குது என்று இவரும் உரக்கவே பதில் சொல்வார்.

என் அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, இது எதுவும் பிடிக்காது. அத்தை நோன்பு, பூசை எல்லாவற்றிலும் கறார். எட்டு மணிக்கு எச்சில் தட்டு புழங்கும் வீட்டில் விளக்கேற்றி என்ன பயன் என்பாள். மண்டி நன்றாக நடக்கும்போது மருமகள் எதற்காக விழுப்புரம் வரை போய்க் கஷ்டப்பட வேண்டும், வீட்டோடு இருந்தால் எல்லாருமே நேரத்துக்குச் சாப்பிடலாமே என்றும் கேட்பாள். ஒருமுறை தாத்தா அவளுக்குச் சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது. சோறு, மருந்து, படிப்பு, அடைக்கலம் என்று நான்கு தானத்தை நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மண்டிக்கு வருபவனுக்குச் சோறு போட என்னால் முடியும். பிள்ளைகள் சிலருக்குப் படிப்புச் செலவுக்குக் கொடுக்கவும் முடியும். மருந்து தானத்துக்கு நான் எங்கே போவேன்? "அத நம்ம வூட்டுல அவதான் பண்றா. அவ சாப்புடறத எச்சிலுன்னு சொல்லாத." அத்தை அன்று சாப்பிடாமல் கிளம்பிப் போனாள். அடுத்த மாதம் வந்து அதையே சொன்னாள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது தாத்தாவுக்குச் சர்க்கரை நோய் முற்றியிருந்தது. காலையும் மாலையும் ஊசி போட்டுக்கொள்வார். மாலையில் ஊசி போட்ட கையோடு சாப்பிட்டுவிட வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும். அன்று நானும் அப்பாவும் சாப்பிட்டு எழுந்தபின் அவர் ஊசி போட்டுக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்தபோது, மண்டியில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. தாத்தா தன் தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டுப் பானையில் மீதி இருந்ததை வழித்துப் போட்டுக்கொண்டார். இரண்டு கவளம் தேறியிருந்தால் அதிகம். பெட்டிக்குள் அம்மாவின் சோறு இருந்தது. அதில் கைவைக்க மாட்டார். மறுபடி உலை வைக்கப் பொழுதில்லை. இந்த உலகத்தில் வேறு யார் இப்படி ஒரு தப்பைச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஊசியைப் போட்டுக்கொண்டு, சோற்றைக் கொடுத்துவிட்டு, சூரியன் இறங்கிவிட்டதென்று வாயைக் கட்டிக்கொண்டு, தினமும் போகிற மாதிரி மருமகளை அழைத்துவரப் போனார்.

அம்மா பேருந்திலிருந்து இறங்கும்போது நிறுத்தத்தில் கூட்டம் நின்றது. நடுவில் தாத்தா தரையில் கிடந்தார். உடம்பெல்லாம் வேர்வை. தேநீர்க் கடைக்காரர் சர்க்கரைத் தண்ணீரை வாயில் விடப் பார்க்கிறார். தாத்தா பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அம்மா ஓடிப்போய்த் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மாமா, இது மருந்து, சாப்பாடு இல்ல" என்று கெஞ்சியிருக்கிறாள். அவர் அவளைப் பார்த்தும் தலையை அசைத்து மறுத்துவிட்டு மயங்கியிருக்கிறார். ஆட்டோவில் போட்டு எடுத்துப்போய்ப் பக்கத்துக் கிளினிக்கில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றித்தான் பிழைக்கவைத்தார்கள். கண் விழித்ததும் அவர் கேட்டது, அம்மா சாப்பிட்டாளா என்று.

இனிமேல் இரவு எட்டு மணிக்கு ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும், இன்னொரு தரம் இப்படி ஆனால் ஆள் தப்ப மாட்டார் என்று டாக்டர் சொன்னார். தாத்தா முடியாது என்றார். அப்படியானால் ஒரே வழிதான். தினமும் மத்தியானத்திலிருந்து இரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துப் பார்த்து ஊசி அளவை மாற்ற வேண்டும். அது தெரிந்த ஒருவர் மாலை முழுக்கக் கூடவே இருக்க வேண்டும். வீட்டில் அது தெரிந்தவள் அம்மா ஒருத்திதான். அப்பா ஊசியைப் பார்த்தாலே சுவரைப் பிடித்துக்கொள்கிறவர்.

அம்மாவுக்கு அந்த மாதம்தான் பதவி உயர்வு வந்திருந்தது. மருத்துவமனையில் பச்சைக் குழந்தைகளுக்கென்று புதிதாகத் திறந்த பிரிவுக்கு அவளைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். பல வருடமாக அதற்காகக் காத்திருந்தாள். பொறுப்பு என்றால் பாதியில் கிளம்பி வர முடியாது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அம்மா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் சாப்பிடும்போது, அது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஏதாவது சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்கப்போகிறேன், காலை டியூட்டி கிடைக்கும், இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று சாதாரணமாகச் சொன்னாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தாத்தாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார். "நான் பொட்டி செஞ்சது நீ வேலைக்குப் போறதுக்கும்மா. என்னப் பாத்துக்கினு வூட்ல குந்தறதுக்கு இல்ல."

"உங்க விரதத்தக் கெடுத்துட்டு நான் அங்க போயி இன்னா மாமா பண்ணப் போறேன்?" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை.

இருவரும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள், ஆனால் மற்றவர் விட்டுக்கொடுப்பதை இருவராலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நானும் அப்பாவும் நடுவில் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா டியூட்டிக்குப் போனபின் தாத்தா என்னைக் கூப்பிட்டார். மேல்சித்தாமூர் போய்விட்டு வரலாம் என்றார். பேருந்தில் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். கோயிலில் அந்த நேரத்துக்குக் கூட்டம் இல்லை. பார்சுவநாதர் முன்னால் வெகுநேரம் கைகூப்பி நின்றார். நான் பின்னால் நின்றேன். மனத்துக்குள் வேண்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் வாய்விட்டே பேசினார், மண்டியில் யாரிடமோ பேசுவது மாதிரி.

"ரெண்டு பேருமா வெச்சிக்கினு இருந்தோம். இப்ப நான் மட்டும் மாத்திக்கிறேன். அவ வெச்சிக்கினது வெச்சபடியே இருக்கட்டும், அதுல நான் கை வெக்கல. ராத்திரி சாப்பாட்டுல உப்பு இருக்காது. நாக்குக்குன்னு சாப்புடல, உசுருக்குன்னு சாப்புடறேன். அவளாண்ட சொல்லிடு."

எங்கள் வழக்கத்தில் ஒரு சுவையை விட்டுவிடுவதும் நோன்புதான். ஆனால் எனக்கு அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. அவர் முதுகுதான் தெரிந்தது. வெள்ளைச் சட்டைக்குள் அது குலுங்குவதைப் பார்த்தேன். நாற்பது வருடத்துக்கு மேல் மனைவி இல்லாமல் வாழ்ந்த மனிதர், அன்றுதான் அவளை விட்டுப் பிரிந்தார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. வெளியே வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெல்லத்த வுட்டுடறேன்னு சொல்லலாம்னுதான் பாத்தேன். அத டாக்டரு முன்னாடியே புடுங்கிட்டாரு" என்று சிரித்தார். என்னாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

அன்று மாலை அவர் எங்களோடு கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார். எட்டு மணிக்கு அம்மா வந்து கைகால் கழுவிவிட்டு வந்தபோது தரையில் இரண்டு தட்டு இருந்தது. அம்மா நின்றுவிட்டாள். அப்பா வந்துவிட்டாரா என்று திரும்பிப் பார்த்தாள். அப்பா மண்டியில் இருந்தார்.

"குந்தும்மா. பசிக்குது எனக்கு" என்றார் தாத்தா.

"மாமா, வேணாம்."

"சொல்ல வேண்டிய எடத்துல சொல்லிட்டு வந்துட்டேன். நீ நாளைக்குப் போயி வேலையில சேந்துக்கோ."

அம்மா அழவில்லை. உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, முதல் முறையாக அவருக்கு அவள் சோறு போட்டாள். அவர் உப்புப் போடாத மோரை ஊற்றிப் பிசைந்தார். முதல் கவளம் எடுத்த கை வாய்க்குப் போக நேரமாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். இரண்டாவது கவளம் கொஞ்சம் சுலபமாக இறங்கியது. மூன்றாவதில் தலையை நிமிர்த்தி, "இன்னிக்கு யாரும்மா நல்லாயி வூட்டுக்குப் போனாங்க?" என்றார். அப்போதுதான் அம்மாவுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அன்றைய நலங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அவளும் மோரைத்தான் பிசைந்தாள், அவள் தட்டிலும் உப்பு விழவில்லை என்பதை மறுநாள்தான் கவனித்தேன். தாத்தா அதற்கு முன்பே கவனித்திருப்பார். உப்பு ஜாடியை அவள் பக்கம் நகர்த்தினார். "மறந்துட்டேன் மாமா" என்றாள் அம்மா. ஆனால் அப்போதும் எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கடுத்த நாளும் நகர்த்தினார், அன்றும் மறந்துவிட்டாள். அவர் இருந்த வரையில், அவர் நகர்த்துவதும் இவள் மறப்பதுமாக ஒவ்வொரு நாளும் நடந்தது. இத்தனை மறதியை வைத்துக்கொண்டு எப்படிம்மா குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கிறாய் என்று ஒருநாள் கேட்டார். அம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

அத்தை மட்டும் மன்னிக்கவில்லை. தன் அப்பாவின் விரதத்தைக் காணைக்காரி கெடுத்துவிட்டாள் என்று இன்றுவரை சொல்கிறாள். அம்மா அதற்குப் பதில் சொன்னதே இல்லை. புதிய பிரிவில் பிழைத்துப் போன குழந்தைகளின் கதைகளை எட்டு மணிக்குத் தாத்தா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கல்லூரி முடித்த வருடம், ஒரு முற்பகலில், பூசை முடித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று மாலை யாரும் உலை வைக்கவில்லை. எட்டு மணிக்கு நான் காரணமே இல்லாமல் பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டு வந்தேன்.

இப்போது அப்பாவும் இல்லை. ஓய்வுபெற்ற அம்மா திண்டிவனத்தில் தனியாக இருக்கிறாள், விழுப்புரத்துக்கு வா என்றால் வர மாட்டேன் என்கிறாள். சனிக்கிழமைகளில் நான் போவேன். இந்தச் சனிக்கிழமையும் ஹாட்பாக்ஸோடு போனேன். நன்றாகத்தான் இருக்கிறது என்று வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாள். எட்டு மணிக்கு இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு வைத்த குழம்பில் உப்பும் உறைப்பும் எல்லாம் இருந்தன. அவள் உப்பில்லாத மோரை ஊற்றிப் பிசைந்தாள். அக்கம்பக்கத்தில் கேட்டால் பிரஷர் என்று சொல்லிவைத்திருக்கிறாள். அவளுக்குப் பிரஷர் கிடையாது.

இத்தனை வருடம் நான் கேட்காமல் இருந்ததை அன்று கேட்டேன். உப்பு ஜாடியை அவள் பக்கம் நகர்த்தி, "இன்னும் மறந்துக்கினே இருக்கறியாம்மா?" என்றேன்.

அம்மா ஜாடியைப் பார்த்தாள். பிறகு அதை மெதுவாக என் பக்கமே தள்ளினாள்.

"அவரு இருந்தப்பதான்டீ மறந்தேன். இப்ப எங்க மறக்குது?"

எனக்குத் தாத்தா வேண்டும் என்று இருந்தது. எதிரே சம்மணம் போட்டு, இரண்டு தட்டையும் பார்த்துப் பார்த்துப் போடும் அந்த மனிதர் இன்னும் ஒரே ஒரு மாலை வேண்டும் என்று சின்னப் பிள்ளைபோல் இருந்தது. அம்மாவின் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். சப்பென்று இருந்தது. இன்னொன்று எடுத்தேன். அதற்கு மேல் எனக்கு இறங்கவில்லை. அம்மா மீதியை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தாள்.